அம்மாவின் கடைவாய்ப் புண்

மூன்று வாரமாக பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தும் அம்மாவுக்குக் கடைவாய் வெடிப்பு ஆறவில்லை, பழைய பல்செட்டை ராத்திரியிலும் கழற்றுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பல்செட் மேல்தான் சந்தேகம். வாய்ப்புண் என்றாலே பி காம்ப்ளெக்ஸ் என்பது நம் ஊர் மெடிக்கல் ஷாப் பழக்கம். சத்துக்குறைவால் வந்திருந்தால்தான் அது கேட்கும்.

செட் தேய்ந்துபோனால் வாய் கூடுதலாக மூடிக்கொள்ளும். உதட்டோரம் மடிந்து, அந்த மடிப்பில் எச்சில் தேங்கி ஊறும். அந்த ஈரத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும், சில சமயம் பாக்டீரியாவும் சேரும். எரிகிறதே என்று நாக்கால் தடவினால் இன்னும் மோசம்.

ராத்திரி செட்டைக் கழற்றி, பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பூஞ்சைக்கான கிளோட்ரிமசோல் களிம்பு போதுமா, வேறு வேண்டுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பகலில் மெல்லிசாக வாஸ்லின் தடவலாம். அப்புறம் சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே இந்தப் புண்ணால்தான் தெரிந்தது.

கீழுதட்டில் ஒரே இடத்தில் ஆறாமல் தடித்த புண் இருந்தால் அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.