அடுத்து எதைக் குறிவைப்பது? நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஓடத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறைகூடப் பரிசுமேடை ஏறியதில்லை. உடன் ஓடும் ஐம்பது அறுபது பேருக்குப் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. பந்தயக் காலம் முடிந்த கையோடு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, போன மாதம் என் முதல் மராத்தானை 4 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். ஆறு மாதமாக அதே நினைப்பாக இருந்தேன். இப்போது காலணியைப் பார்த்தாலே சலிப்பு வருகிறது. உடனே அடுத்த பந்தயத்துக்குப் பதிவு செய்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. தேர் நிலைக்கு வந்த மறுநாள் தெரு வெறிச்சென்றுதான் இருக்கும். மராத்தானில் தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சேதம் ஆறுவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். வலி போய்விட்டது என்பதற்காக எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த வாரங்களில் குறிக்கோள் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதன்பிறகு ஒரு தாளை எடுத்து, அந்த ஆறு மாதங்களில் எந்தப் பயிற்சி நாளுக்காகக் காத்திருந்தீர்கள், எந்த நாளைத் தட்டிக்கழித்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்காக ஏங்கியவர் மலைப்பாதைக்கோ 50 கிலோமீட்டருக்கோ போகலாம். செவ்வாய்க்கிழமை இன்டர்வல் பயிற்சியை, அதாவது விட்டுவிட்டு வேகமாக ஓடுவதை, ரசித்தவர் 5 கிலோமீட்டருக்கு இறங்கிவரலாம். அது இறக்கமே அல்ல என்பது முதல் பந்தயத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் நெஞ்சு வெடிக்கும்போது புரிந்துவிடும். பந்தயம் ஒரு நாள், பயிற்சி நூறு நாள். உங்களுக்குப் பிடிக்காத நூறு நாள்களைக் கேட்கும் குறிக்கோளை மூன்றாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள். நானும் அப்படிக் கைவிட்டவள்தான், இருமுறை.

என் சிறந்த மராத்தான் நேரம் 4:12. ஐந்து மாதத்தில் 4 மணிக்குள் வர முடியுமா?

முழு எண்கள்மீது நம் எல்லாருக்கும் மோகம் உண்டு. பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் ஏறக்குறைய 1 கோடி மராத்தான் முடிவு நேரங்களை அடுக்கிப் பார்த்தார்கள். 3 மணி, 4 மணி, 5 மணி என்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்துகிடந்தார்கள். எல்லை தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்த மோகம் காலை இழுத்துக்கொண்டு போகும், அதனால் அதை நான் குறைசொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

12 நிமிடத்தைக் குறைப்பதென்றால் கிலோமீட்டருக்கு 17 வினாடி குறைய வேண்டும். முடியுமா என்பதை உங்கள் அரை மராத்தான் சொல்லிவிடும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி தூரம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். 4 மணி வேண்டுமென்றால் அரை மராத்தானை 1:55க்குள் முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 40 கிலோமீட்டர்கூட ஓடாத நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் தாராளமானது. ஆகவே 1:52 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாத முடிவில் ஓர் அரை மராத்தான் ஓடுங்கள். 1:52 வந்தால் 4 மணியைக் குறிவையுங்கள். 1:58 வந்தால் 4:10க்குள் முடிப்பதே இந்த முறைக்கான குறிக்கோள். 4 மணி அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கிலோமீட்டருக்கு 5:41, அதாவது 5 நிமிடம் 41 வினாடி, என்று ஓடினால் 42.195 கிலோமீட்டருக்கு 3:59:48 ஆகிறது என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பாதையை அளப்பவர்கள் வளைவுகளை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். கூட்டத்தில் நாம் அந்த வழியில் ஓடுவதில்லை. ஜி.பி.எஸ். கடிகாரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். முடிவுக்கோட்டில் அது 42.6 என்று காட்டினால் ஆச்சரியமில்லை. அப்போது கடிகாரத்தின் 5:41 உங்களை 4 மணி 2 நிமிடத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். 5:37 என்று வைத்து ஓடுங்கள். இது தெரியாமல் 4:00:41க்கு முடித்துவிட்டு, பாதை அளந்தவர்களை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே பந்தயத்துக்கு மூன்று படிகளில் குறிக்கோள் வைக்கச் சொல்கிறார்களே?

வைக்கலாம். ஆனால் 3:55, 4:00, 4:05 என்று மூன்றும் நேரமாகவே இருந்தால் ஒரே குறிக்கோளை மூன்று துண்டாக்கியதுதான் மிச்சம். வெயில் ஏறினால் மூன்றும் சேர்ந்தே போய்விடும். மூன்றில் ஒன்றேனும் உங்கள் கையில் இருப்பதாகட்டும். முதல் 10 கிலோமீட்டரில் திட்டத்தைவிட வேகமாகப் போகாமலிருப்பது, பயிற்சியில் பழகியபடி மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து தவறாமல் உள்ளே போவது போன்றவை.

நண்பர் ஒருவர் தினமும் ஓடிய தூரத்தைச் செயலியில் பதிகிறார். அதைப் பார்த்துப் பார்த்து என் குறிக்கோளையே மாற்றிக்கொள்கிறேன்.

செயலியில் அவரை மறைத்துவிடுங்கள். நட்பைத் தொடருங்கள்.

வயது 54. மூன்று ஆண்டுகளாக நேரம் கூடிக்கொண்டேதான் போகிறது. இனி எதற்குக் குறிக்கோள் என்று தோன்றுகிறது, அம்மா.

உங்களைவிட நான் மூன்று வயது இளையவள், இருந்தாலும் அம்மா என்றதை ஏற்றுக்கொள்கிறேன். 42 வயதில் ஓடிய நேரத்தோடு இன்றைய நேரத்தை ஒப்பிடுவது வேறொருவரோடு ஒப்பிடுவது போல. வயதுத் தரவரிசை அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வயதில், உங்கள் பாலினத்தில் எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டு அது ஒரு விழுக்காடு தரும். பத்து கிலோமீட்டர் நேரம் ஒரு நிமிடம் கூடியிருந்தும் விழுக்காடு ஏறியிருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்த பலரைக் கண்டிருக்கிறேன். 50 வயதுக்குப் பிறகான நேரங்களுக்கென்று தனி ஏடு போடுங்கள். அதில் முதல் பக்கம் எப்போதும் சாதனைதான்.

கனடாவின் எட் விட்லாக் 2003இல், 72 வயதில், மராத்தானை 2:59:10க்கு ஓடினார். மறு ஆண்டு 2:54:48. வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடியதுதான் அவருடைய பயிற்சி. அவரைப் போல நாம் ஓடப்போவதில்லை. ஆனால் அவருடைய பயிற்சியில் பகட்டு ஏதும் இல்லை என்பது எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு நான் சொல்வது: இந்த ஆண்டுக் குறிக்கோள்களில் ஒன்று வாரம் இருமுறை எடைப் பயிற்சி. இந்த வயதில் மூச்சைப் போலவே தசையும் குறைகிறது. பலர் மூச்சை மட்டும் கவனிக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளாக 10 கிலோமீட்டர் 52 நிமிடத்திலேயே நிற்கிறது. வாரம் ஐந்து நாள், எல்லா நாளும் கிலோமீட்டருக்கு 5:30 வேகத்தில் ஓடுகிறேன்.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 52 நிமிடம் என்றால் பந்தய வேகமே 5:12தான். தினமும் அதற்குப் பக்கத்திலேயே ஓடினால் மெதுவான நாளும் இல்லை, வேகமான நாளும் இல்லை. 50 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்ற ஆசையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அடுத்த 12 வாரங்களுக்கு நான்கு நாள் 6:30 அல்லது அதைவிட மெதுவாக, முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுக்கு ஓடுங்கள். ஐந்தாம் நாள் மட்டும் உண்மையிலேயே வேகம். மெதுவாக ஓடும்போது யாராவது முந்திக்கொண்டு போவார்கள். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தக் குறிக்கோளில் கடினமான பகுதி.

குழந்தைக்கு எட்டு மாதம். முன்பு அரை மராத்தான் 1:50 ஓடியவள். இப்போது வாரம் மூன்று நாள், 40 நிமிடம் கிடைத்தால் பெரிது. என்ன குறிக்கோள் வைப்பது, அக்கா?

முதலில் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ இடுப்புத்தளத் தசைகளைக் காட்டிவிடுங்கள். ஓடும்போது சிறுநீர் கசிவதும் அடிவயிறு கனப்பதும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. பிறகு கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் எண்ணுங்கள். வாரத்துக்கு 100 நிமிடம், பத்து வாரங்களில் எட்டு வாரம் அதை எட்டினால் போதும். அந்த இரண்டு வாரச் சலுகை முக்கியம். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் குறிக்கோள் உடையக் கூடாது. பந்தயம் வேண்டுமென்றால் 5 கிலோமீட்டர். தூக்கம் கெட்ட மறுநாள் வேகப் பயிற்சி வேண்டாம். 1:50ஐ யாரும் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை.

ஓராண்டில் அயர்ன்மேன் முடிக்க வேண்டும். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். நீச்சல் 50 மீட்டருக்கு மேல் வராது.

அயர்ன்மேன் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் ட்ரையத்லான் பந்தயம்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஒரு முழு மராத்தான். பொதுவாக 17 மணி நேர வரம்பு. நீச்சலுக்குத் தனி வரம்பு வேறு. அங்கே தவறினால் உங்கள் சைக்கிள் திறமை வெளியே வரவே வராது. முதல் ஆறு மாதக் குறிக்கோள், 1.5 கிலோமீட்டரைத் திறந்த நீரில் நிதானமாக நீந்துவது. அது வந்தால் 1.5, 40, 10 கிலோமீட்டர் கொண்ட ஒலிம்பிக் தூர ட்ரையத்லான் ஒன்றை முடியுங்கள். முழுத் தூரத்தை அதன்பிறகு பேசலாம். உச்ச வாரங்களில் 12 முதல் 15 மணி நேரம் பயிற்சிக்குப் போய்விடும் என்பதை வீட்டிலிருப்பவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் சம்மதிக்காத அட்டவணை ஓடாது.

கீழ்க்கால் எலும்பில் அழுத்த முறிவு, அதாவது தொடர் அழுத்தத்தால் விழுந்த மெல்லிய விரிசல். பதிவு செய்த பந்தயம் பத்து வாரத்தில். இலக்கைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிவிடலாமா?

வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் எலும்பு கூடுவதற்கே போய்விடும், மீதி இரண்டு வாரத்தில் எந்த மராத்தானும் விளையாது. பதிவை விட்டுவிடுங்கள். ஏன் முறிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் குறிக்கோள்: தூரத்தைத் திடீரென்று கூட்டினீர்களா, ஓட்டத்துக்கு ஏற்றபடி சாப்பிடவில்லையா?

4:12 ஓட்டக்காரர் மறுபடியும் வருகிறேன். கடிகாரத்தின் கிலோமீட்டர் கணக்கை நம்பக் கூடாதென்றால் பந்தயத்தில் எதைப் பார்த்து ஓடுவது?

பாதையோரப் பலகைகளை. கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாக விழும் சுற்றுக் கணக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். அப்படி ஓடும்போது பலகைக்குப் பலகை 5:40 வந்தால் போதும், 5:37 தேவையில்லை. 10ஆவது பலகையில் 56:40, 20ஆவதில் 1:53:20, 30ஆவதில் 2:50:00, 40ஆவதில் 3:46:40. இந்த நான்கு எண்களையும் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். 30க்குப் பிறகு மனக்கணக்கு வராது.