மறுகால் இல்லாத ஏரி

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரி, செயற்கைக்கோள் படத்தில் வடக்கே இளஞ்சிவப்பாகவும் தெற்கே நீலப்பச்சையாகவும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து தெரிகிறதே, ஏன்? ஆற்று நீரால் நிரம்பும் ஏரி உப்பாவது எப்படி? அதன் பரப்பளவையும் நூலுக்கு நூல் வேறுவேறாகக் காண்கிறேன்.

பதில்: உப்பிலிருந்து தொடங்குவோம். பேர், வீபர், ஜோர்டன் ஆகிய மூன்று ஆறுகள் இந்த ஏரியில் வந்து சேர்கின்றன. இதிலிருந்து புறப்படும் ஆறு ஒன்றுகூட இல்லை. வந்த நீர் ஆவியாகிப் போக, பாறையிலும் மண்ணிலும் கரைந்து அதனுடன் வந்த உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ஜோர்டன் ஆறு புறப்படும் யூட்டா ஏரியோ, அந்த ஆறே அதற்கு வடிகாலாக அமைந்திருப்பதால், இன்றும் நன்னீர் ஏரியாகவே இருக்கிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பனியூழிக் காலத்தில் இங்கே 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துடன் பான்வில் என்னும் பேரேரி பரந்திருந்தது. அது ஒரு கட்டத்தில் வடக்கே ரெட் ராக் கணவாயை உடைத்துக்கொண்டு ஸ்நேக் ஆற்றுக்குள் பெருவெள்ளமாகப் பாய்ந்தது. பின்னர் தட்பவெப்பம் வறண்டபோது, வழிந்தோடும் மட்டத்துக்கும் கீழே சுருங்கி, மறுகாலை, அதாவது மிகுநீர் வெளியேறும் வழியை, இழந்து இன்றைய உப்பேரியாக எஞ்சியது. அதன் பழைய கரைகள் வாசாட்ச் மலைச்சரிவுகளில் படிக்கட்டுகளைப் போல் இன்னும் தெரிகின்றன.

நீங்கள் கண்ட கோடு இயற்கை வரைந்ததன்று. ஏரியின் குறுக்கே 1959-இல் கல்லும் மண்ணும் கொட்டி அமைக்கப்பட்ட ரயில்பாதைக் கரை அது. ஆறுகள் யாவும் கரையின் தென்புறத்திலேயே கலப்பதால், வடபகுதிக்கு நன்னீர் வரத்து மிகக் குறைவு. அங்கே உப்பு, இனிக் கரைய இடமில்லாத அளவுக்குச் செறிந்துள்ளது. அத்தகைய நீரில் செழிக்கும் நுண்ணுயிர்களின் நிறமிகளே அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன.

பரப்பளவைப் பொறுத்தவரை, ஆண்டைக் குறிப்பிடாத எண்ணை நம்பாதீர்கள். ஆழமான இடத்திலேயே ஏறத்தாழ 10 மீட்டர்தான் என்பதால், நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கரை வெகுதூரம் பின்வாங்கும். ஏரிக்குள் இருக்கும் ஆன்டிலோப் தீவு நிலத்தோடு ஒட்டிவிடும். 1963-இல் சுமார் 2,460 சதுர கிலோமீட்டராக இருந்த ஏரி, 1987-இல் சுமார் 8,500 ஆக விரிந்தது. மிகுந்த நீரை மேற்குப் பாலைவனத்துக்கு இறைத்து வெளியேற்ற மாநில அரசு அந்த ஆண்டில் பெரிய பம்புகளையே நிறுவியது. ஆனால் 2022-இல் மட்டம் 1963-ஐ விடவும் தாழ்ந்தது. வறட்சியும் காரணம்தான், எனினும் வயல்களுக்கும் நகரங்களுக்கும் ஆற்று நீரை வழியிலேயே எடுத்துக்கொள்வதுதான் அதைவிடப் பெரிய காரணம்.