கீறல் விழாத கைதி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். போலீஸும் குற்றவாளியும் சேர்ந்து அலையும் நகைச்சுவைத் திரைக்கதை ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். சென்னையிலிருந்து களியக்காவிளைக்கு மாற்றலாகி வந்த எஸ்.ஐ., ரேஷன் அரிசி கடத்திப் பிடிபட்டவனைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாளில் பெரிய புள்ளியைப் பிடிக்க வேண்டும். நண்பர்களிடம் வாசித்தேன், யாருமே சிரிக்கவில்லை. வசனம் சரியில்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

வசனம் நன்றாகவே வந்திருக்கிறது. 'சாரே, அந்த ரோட்டுல போவாண்டாம்' என்று அவன் முதலில் வாய் திறக்கும்போது சிரித்துவிட்டேன். அடுத்த வரியிலேயே எஸ்.ஐ. அவன் பிடரியில் அறைகிறார். சிரிப்பு அங்கேயே செத்துப்போகிறது. கடைசி வரை அவன் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் சித்திரவதை செய்யப்பட்ட தந்தையும் மகனும் இறந்துபோனார்கள். இங்கிருந்து அது ஒன்றும் தூரமில்லை. அதற்குப் பிறகு இந்த அடியை வேடிக்கையாகப் பார்க்க என்னால் முடியாது, உங்கள் நண்பர்களாலும் முடிந்திருக்காது.

வால்டர் ஹில் இயக்கிய '48 ஹவர்ஸ்' (1982) பாருங்கள். நிக் நோல்டி போலீஸ், எடி மர்ஃபி கைதி. மர்ஃபிக்கு அதுதான் முதல் படம். வெள்ளைக்காரர்கள் கூடும் மதுக்கடைக்குள் கறுப்பினக் கைதி போலீஸின் பேட்ஜை வாங்கிக்கொண்டு நுழைகிறான். டம்ளரை வீசிப் பெரிய கண்ணாடியை நொறுக்குகிறான். போலீஸார் அவனை எந்தத் தோரணையில் அதட்டியிருப்பார்களோ அதே தோரணையில் அத்தனை பேரையும் அதட்டுகிறான். நிஜப் போலீஸ் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார். இருவரும் தெருவில் கட்டிப்புரளும் சண்டையும் உண்டு, அதில் கைதியும் திருப்பி அடிக்கிறான்.

உங்கள் ஆளுக்கும் அப்படி ஓர் இடம் கொடுங்கள். பனச்சமூடு சந்தை இருக்கிறதே! நாலு எட்டு வைத்தால் கேரளம். காக்கியைப் பார்த்தால் அங்கே ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். எஸ்.ஐ. சாரம் (லுங்கி) கட்டி, கடத்தல்காரனின் கணக்குப்பிள்ளையாகப் பின்னால் வரட்டும். மூட்டைக் கணக்கில் தப்பு விட்டு நாலு பேர் முன்னால் அவனிடம் திட்டு வாங்கட்டும். சென்னைப் பேச்சு வெளியே வந்துவிடாமல் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டும்.

இரண்டு நாள் கெடு வேண்டும் என்பதற்காக, கைதியை வெளியே கொண்டுவரப் போலி ஆணை கிணை என்று போகாதீர்கள். குழித்துறை கோர்ட்டில் கஸ்டடி மனு போட்டு இரண்டு நாள் வாங்கலாமே. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னபடி, காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். கதை முழுக்க இதிலேயே இருக்கிறது. அரிசி முதலாளியின் ஆட்கள் துரத்துகிறார்கள், கைதி மேல் கீறல் விழுந்தால் எஸ்.ஐ. மாட்டுவார். அவனுக்கு வரும் அடியையெல்லாம் அவரே குறுக்கே பாய்ந்து வாங்கியாக வேண்டும். அவனுக்கும் அது தெரியும் என்று வையுங்கள்.

முதலில் சந்தைக் காட்சியை மட்டும் திருத்தி அனுப்புங்கள். வசனத்தைத் தொட வேண்டாம்.