சிஸ்டர் பதில்கள்: இந்த இதழில் மாத்திரை இல்லை, மொழி

போன இதழில் முதியவர்களுக்கு மாத்திரை கொடுப்பதைப் பற்றி எழுதும்போது, இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் ஏழு வருஷம் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொண்டதையும் அவரிடம் அந்த ஊர் மொழியான எபிரேயம் (ஹீப்ரு) கற்றுக்கொண்டதையும் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி மாத்திரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த முறை அதற்கே பதில்.

அடுத்த மாதம் இஸ்ரேலுக்கு வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன். ஆங்கிலம் வழியாக எபிரேயம் படிக்கிறேன், தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது சிஸ்டர்?
(செவிலியர் ஒருவர், நாகர்கோவில்)

முதலில் அந்த ஆங்கிலப் புத்தகத்தை மூடி வையுங்கள் தங்கச்சி. நானும் அதே பள்ளத்தில்தான் விழுந்தேன். ‘ஐ ஆம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ எங்கே, ‘ஐ ஹேவ்’ என்பதில் உள்ள ‘ஹேவ்’ எங்கே என்று ஒரு மாதம் தேடினேன். இரண்டுமே அங்கே கிடையாது. நம்மிடமும் கிடையாதே! ‘நான் நர்ஸ்’ என்கிறோம். அவர்கள் ‘அனி அஹோத்’ என்கிறார்கள். அனி என்றால் நான், அஹோத் என்றால் நர்ஸ். வாக்கியம் முடிந்தது. இன்னொன்றும் கேளுங்கள். அஹோத் என்ற சொல்லுக்கு முதல் பொருள் சகோதரி. நம் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லோரும் நம்மை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவதுபோல அங்கேயும் கூப்பிடுகிறார்கள். முதல் நாளே எனக்கு ஊர் பழகிவிட்டது. (வீட்டுப் பராமரிப்புக்கு வருகிற பெண்ணை ‘மெதாபெலெத்’ என்பார்கள். உங்கள் வேலைத் தாளில் அதுதான் இருக்கும்.)

‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்பதை அப்படியே சொல்லலாம். ‘யெஷ் லி அஹ்.’ யெஷ் என்றால் இருக்கிறது, லி என்றால் எனக்கு. இல்லை என்றால் ‘எய்ன் லி’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படித்தான்: ‘கோஎவ் லி ஹரோஷ்’, அதாவது வலிக்கிறது எனக்குத் தலை. நம் வேலைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், பாதிச் சம்பளம் இதற்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தா முனகினால் ‘மா கோஎவ்?’ என்று கேட்டுவிட்டு, கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

நான் பார்த்துக்கொண்டவரை ‘ஸபா’ என்று கூப்பிடுவேன். சங்கீத சபா இல்லை, ஸபா என்றால் தாத்தா. ருமேனியாவில் பிறந்து, இளம் வயதில் ஹைஃபா துறைமுகத்தில் இறங்கியவர். அவருக்கும் எபிரேயம் தாய்மொழி இல்லை. ‘உல்பான்’ என்கிற, வந்து குடியேறியவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் படித்துத்தான் பேசினாராம். அந்தப் பள்ளிகளில் முதலாவது 1949-இல் எருசலேமில் தொடங்கியது. இருபத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டியவர் என்பதால் என் தப்புகளுக்கு அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ‘லெஆத் லெஆத்’ என்பார். மெல்ல மெல்ல.

பிறமொழிக்காரர் செய்யும் பெரிய தவறு எது? நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்.
(குளச்சல் வாசகி)

நான் செய்ததா? ஒரு வருஷம் ஆம்பளையாகப் பேசினேன்!

நம் ‘எனக்கு வேண்டும்’ என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. எபிரேயத்தில் ஆண் ‘அனி ரோத்ஸெ’ என்பான், பெண் ‘அனி ரோத்ஸா’ என்பாள். பலபேர் என்றால் ரோத்ஸிம், பெண்கள் மட்டும் என்றால் ரோத்ஸோத். நிகழ்காலத்தில் நான், நீ, அவன் என்று வினை மாறாது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்றுதான் மாறும். எனக்கு வீட்டில் பேச்சுத்துணை ஸபா ஒருவர்தான். அவர் ‘அனி ரோத்ஸெ மாயிம்’ என்று தண்ணீர் கேட்பார். நானும் கடைக்குப் போய் ‘அனி ரோத்ஸெ’ தக்காளி, ‘அனி ரோத்ஸெ’ வெங்காயம் என்று கம்பீரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்கறிக்காரர் பில் போடும்போதெல்லாம் மீசைக்குள் சிரிப்பார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஸபாவின் மகள்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் திருத்தினாள். பெண்கள் பேசுவதைக் கேட்டுப் பெண்கள் படியுங்கள், ஆண்கள் பேசுவதைக் கேட்டு ஆண்கள். ஆணைப் பார்த்து ‘நீ’ என்றால் அத்தா, பெண்ணைப் பார்த்து அத். மரியாதைக்கு ‘நீங்கள்’ என்று தனியாக ஒன்று பேச்சில் கிடையாது. டாக்டரையும் அத்தாதான். எனக்கு நாக்கு கூசி, பழகப் பல நாள் ஆயிற்று.

ஆட்கள் மட்டும் இல்லை, மேசை நாற்காலிக்கும் ஆண், பெண் உண்டு. தலை ஆண், வயிறு பெண். அதனால் தலைக்கு ‘கோஎவ் லி ஹரோஷ்’, வயிற்றுக்கு ‘கோஎவெத் லி ஹபெத்தென்’. கால்கள் என்றால் ‘கோஅவோத் லி ஹரக்லாயிம்’. ஆ என்றோ த் என்றோ முடிந்தால் பெரும்பாலும் பெண்பால் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். புத்தாண்டுக்கு ‘ஷானா தோவா’. ஷானா, அதாவது வருஷம், பெண்பால்; அதனால் நல்ல என்பதும் தோவா. ஆனால் ‘லைலா தோவ்’, நல்ல இரவு! லைலாவும் ஆ என்றுதான் முடிகிறது, இருந்தும் அது ஆண்பால். இந்த மாதிரி ஏமாற்றுக்காரச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

எண்கள் இதைவிட மோசம். கதூர் என்றால் மாத்திரை (பந்துக்கும் அதுவே), ஆண்பால். கபித் என்றால் தேக்கரண்டி, பெண்பால். மூன்று மாத்திரை ‘ஷ்லோஷா கதூரிம்’, மூன்று கரண்டி ‘ஷலோஷ் கபியோத்’. பார்த்தீர்களா, பெண்பால் மாதிரி முடிகிற ஷ்லோஷா ஆண்பாலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று ஸபாவிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார். சந்தையில் அங்கே பிறந்தவர்களே ‘எஸெர் ஷெகெல்’ (பத்து ஷெகெல், ஷெகெல் அந்த ஊர்க் காசு) என்று தப்பாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். இலக்கணப்படி ‘அஸாரா ஷ்காலிம்’. ஆக, விலை கேட்பதில் தப்பினால் குடி முழுகாது. மாத்திரைக் கணக்கில் மட்டும் விரலைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்களையும் வலமிருந்து இடமாக எழுத வேண்டுமா?
(பள்ளி மாணவன், தூத்துக்குடி)

இல்லை தம்பி. எழுத்து வலமிருந்து இடம், எண் இடமிருந்து வலம். நடுவில் தேதி வந்தால் பேனா கொஞ்சம் குதிக்கும், அவ்வளவுதான்.

உயிரெழுத்தே இல்லாமல் எப்படி வாசிக்கிறார்கள்? எங்கள் வகுப்பில் புள்ளி வைத்த எழுத்துதான் சொல்லித்தருகிறார்கள். வேதாகம எபிரேயம் தெரிந்தால் இன்றைய பேச்சு வந்துவிடுமா?
(இறையியல் மாணவர், மதுரை)

எழுத்து மொத்தம் 22. அதில் ஐந்து, சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம் எடுக்கும். எல்லாம் மெய். உயிரொலியைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் வேதாகமத்திலும் கவிதையிலும் குழந்தைப் புத்தகத்திலும் இருக்கும். செய்தித்தாளிலும் பஸ் பலகையிலும் இருக்காது. உங்கள் வேதாகமத்தின் 119-ஆம் சங்கீதம் அந்த 22 எழுத்து வரிசையில் கட்டியது. எழுத்துக்கு எட்டு வசனம், ஆக 176. எழுத்து மனப்பாடம் செய்ய அதைவிட நல்ல வாய்ப்பாடு எனக்குத் தெரியவில்லை.

வல்லொலி மெல்லொலி சமாச்சாரத்தில் தமிழர்களுக்குப் பாடமே தேவையில்லை. ‘கடல்’ என்பதில் வருகிற க-வும் ‘அகல்’ என்பதில் வருகிற க-வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. அங்கேயும் ஒரே எழுத்து சொல்லின் முதலில் ‘ப’ என்று அழுத்தமாகவும் உயிருக்குப் பின்னால் ‘வ’ என்று மென்மையாகவும் ஒலிக்கும். க என்பது ஹ ஆவதும், இன்னொரு ப என்பது ஃப ஆவதும் அதே கதை. என்கூட இருந்த பிலிப்பைன்ஸ் தோழி இதை ஒரு வாரம் திட்டிக்கொண்டே படித்தாள். எனக்கு ஐந்து நிமிஷம்.

புள்ளி இல்லாமல் வாசிப்பதில் நானும் மாட்டியிருக்கிறேன். நோட்டு வாங்கப் போனேன். ஒரு பலகையில் ஸ-ப-ர என்று மூன்றே எழுத்து. ஸெஃபெர் என்றால் புத்தகம் என்று புதிதாகப் படித்த பெருமை! கதவைத் தள்ளி உள்ளே போனால் மூன்று ஆண்கள் முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்க்கிறார்கள். அது ‘ஸபார்’, முடி திருத்துபவர். அதே மூன்றெழுத்தை ‘ஸஃபார்’ என்று படித்தால் எண்ணினான். எது என்று பக்கத்துச் சொல்தான் சொல்லும். பலகையில் பக்கத்துச் சொல் இல்லையே.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: சொல் வரும், வினை வராது. ஆதியாகமத்தில் ‘வயோமெர் எலோஹிம்’, அதாவது சொன்னார் தேவன். வினை முதலில், முன்னால் ‘வ’ ஒட்டி வருங்கால உருவம் இறந்தகாலப் பொருள் தருகிறது. இன்று அப்படிப் பேசினால், நீங்கள் ‘செப்பினன்’ என்று சொல்லி டீ கேட்டதுபோல இருக்கும். இன்றைக்கு ‘ஹூ அமர்’, அவன் சொன்னான். சரி, உங்களுக்கு ஒரு பரிசு. ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அங்கே ‘கராத்தி ஸெஃபெர்’, ‘கராத்தி எத் ஹஸெஃபெர்’. அந்த ‘எத்’ நம் ஐ உருபின் வேலையைத்தான் செய்கிறது, குறிப்பிட்ட ஒன்றுக்கு முன்னால் மட்டும் வரும். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

எங்கள் வீட்டின் பெயர் ‘எபெனேசர்’. தாத்தா வைத்தது. பொருள் என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

வணக்கம் ஐயா. எவென் என்றால் கல், எஸெர் என்றால் உதவி. ‘எவென் ஹாஎஸெர்’, உதவியின் கல். 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் சாமுவேல் நாட்டுகிற கல் அது. உங்கள் வீட்டுக் கேட்டிலேயே ஒரு இலக்கணப் பாடம் தொங்குகிறது! இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘உடைய’ என்ற பொருள் தானாக வந்துவிடும். நாமும் ‘வீட்டு வாசல்’ என்கிறோம். நம்மிடம் ‘வீடு’ உருமாறி ‘வீட்டு’ ஆகி முன்னால் நிற்கிறது. அவர்களிடம் வரிசை தலைகீழ். பயித் என்றால் வீடு, அது ‘பேத்’ என்று குறுகி முதலில் நிற்கும், யாருடையது என்பது பின்னால் வரும். பெத்தேல், தேவனுடைய வீடு. பெத்லகேம், ‘பேத் லெஹெம்’, அப்பத்தின் வீடு. பள்ளிக்கூடம் ‘பேத் ஸெஃபெர்’, புத்தக வீடு. ஆஸ்பத்திரி ‘பேத் ஹோலிம்’, நோயாளிகள் வீடு. நம் ஊர்ச் சபைப் பதிவேட்டை எடுத்தால் பாதி எபிரேயப் பாடம் கிடைக்கும். நாத்தான் என்றால் கொடுத்தார், நாத்தானியேல் என்றால் தேவன் கொடுத்தார். இம்மானுவேல் என்பதில் ‘இம்மானு’ நம்மோடு, ‘ஏல்’ தேவன்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?
(சென்னை வாசகர்)

சொல்லை எண்ணாதீர்கள், வேரை எண்ணுங்கள். க-த-வ என்ற மூன்று மெய்யில் எழுதுவது அடங்கியிருக்கிறது. கதவ் எழுதினான், மிஹ்தவ் கடிதம், க்தோவெத் முகவரி, கதாவா செய்திக் கட்டுரை. மெய் அசையாது, நடுவில் உயிர் மட்டும் மாறும். ஒரு வேர் பிடித்தால் நாலைந்து சொல் கூடவே வரும். புதுச் சொல்லும் இப்படித்தான் பிறந்தது. யாரும் வீட்டில் பேசாமல் இருந்த எபிரேயத்தைத் திரும்பப் பேச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட எலியேசர் பென் யெஹூதா 1881-இல் எருசலேமுக்கு வந்து, வீட்டில் எபிரேயம் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். அகராதிக்கு அதுவரை ‘சொற்களின் புத்தகம்’ என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். மிலா என்றால் சொல். அதிலிருந்து ‘மிலோன்’ என்று ஒன்றைச் செய்தார். இன்று கடையில் கேட்டால் மிலோன்தான். 1882-இல் பிறந்த அவர் மகன்தான் இந்தக் காலத்தில் எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதல் குழந்தை என்பார்கள். விளையாடக் கூட்டு இல்லாத பிள்ளை, பாவம்.

நான் செய்தது இவ்வளவுதான்: சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டினேன். மெலஹ் உப்பு, ஸுகார் சர்க்கரை, கெமஹ் மாவு. ஒருநாள் ஸபா சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். உப்புக் காப்பி குடித்த பிறகு அந்த இரண்டு சொல்லும் எனக்கு மறக்கவே இல்லை.

‘தோகை’ எபிரேயத்துக்குப் போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
(தமிழாசிரியை, தஞ்சாவூர்)

1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த சரக்குப் பட்டியலில் ‘துக்கியிம்’ வருகிறது. தமிழ் வேதாகமத்தில் மயில்கள். அது தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். பலர் ஏற்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. நான் மொழியியல் படித்தவள் இல்லை அம்மா, ஆனால் ஒன்று எச்சரிக்கிறேன். இன்று அங்கே ‘துக்கி’ என்றால் கிளி! மயிலுக்கு ‘தவாஸ்’. மிருகக்காட்சிசாலையில் மயிலைக் காட்டி ‘துக்கி, எங்கள் சொல்’ என்று நான் பெருமையடிக்க, ஸபாவின் பேத்தி கிளிக்கூண்டுப் பக்கம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எபிரேயத்தில் திட்டுவது எப்படி?
(பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

உமக்குப் பதில் வேண்டும், பெயர் மட்டும் வேண்டாமோ? கால்பந்து பார்க்கும்போது ஸபா நிறையவே சொல்லிக்கொடுத்தார். அதில் பாதி அரபி, மீதி ருமேனியம். எபிரேயப் பாடத்தில் சேராது.