லீவு நாளில் பாதி நாள் வேலை: கழித்த லீவு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு ஐடி நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். தங்கை மகளின் காதுகுத்துக்கு மூன்று நாள் லீவு போட்டுச் சேலம் போனேன். மூன்று நாளும் மதியம் வரை வேலை வாங்கினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை, காதில் ஹெட்செட். ஆனால் ஹெச்ஆர் மூன்று நாளையும் முழுசாகக் கழித்துவிட்டது. மேனேஜருக்கு வேண்டியவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: மேனேஜரின் பாரபட்சத்தையும் காதுகுத்தில் பட்ட அவமானத்தையும் ஒதுக்கி வையுங்கள். வழக்குக்கு அவை உதவாது. அந்த மூன்று நாளும் வேலை செய்யச் சொன்னது யார், அது எழுத்தில் இருக்கிறதா? இது ஒன்றுதான் விஷயம். 'பதினோரு மணிக்கு மீட்டிங் கால்ல இருக்கணும்' என்று மேனேஜர் அனுப்பிய மெசேஜ் இருந்தால் உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு. நீங்களாக மெயில் திறந்து பதில் போட்டிருந்தால் ஒன்றும் இல்லை.

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு தருகிறது. லீவில் பாதி நாள் உழைத்தால் பாதி நாளைத் திருப்பித் தரவேண்டும் என்று அதில் இல்லை. அதைச் சொல்லவேண்டியது உங்கள் நிறுவனத்தின் லீவு பாலிசி. தவிர, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. டீம் லீட் என்ற பெயரைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, ஆதாரம் என்று சொன்னதும் இப்போதே அலுவலக மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். இப்படிக் கெட்டுப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். லீவு பிரச்சினையோடு வந்த ஒருவர் அனுப்பிய மெயில்களில் வாடிக்கையாளர் பெயரும் விலை விவரமும் இருந்தன. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நிறுவனம் எடுத்து நீட்டியது; விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது; வேலை போனது. கடைசியில் லீவை மறந்துவிட்டு வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டருக்காகப் போராடினோம். தேதி, நேரம், கூப்பிட்டவர் பெயர், அந்த வேலையின் டிக்கெட் எண், இவ்வளவையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள், போதும். அசல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது; விசாரணை என்று வந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று, 'எனக்குச் சேரவேண்டியது' என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரை நாள் லீவு எடுத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாத விடுப்பு என்று பதிவாகும். அப்புறம் தற்காப்பில் நிற்கவேண்டியவர் நீங்கள்தான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஒன்றரை நாள் லீவுக்குப் பன்னேர்கட்டா ரோட்டில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் கார்மிக பவனுக்கு அலைந்தால், அலைய எடுக்கும் லீவே அதைவிட அதிகம். ஹெச்ஆருக்கு நாலே வரி மெயில் போடுங்கள்: இந்தத் தேதிகளில், இவர் சொன்னதால், இவ்வளவு மணி நேரம் வேலை செய்தேன், ஒன்றரை நாளைக் காம்ப் ஆஃப் (ஈடான லீவு) ஆகத் தாருங்கள். பாரபட்சம் என்ற வார்த்தையே அதில் வேண்டாம். ஒரு நாள்தான் தருவோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை லீவில் கூப்பிட்டால், லேப்டாப்பைத் திறக்கும் முன்பே 'இன்றைய லீவை அரை நாளாக மாற்றிவிடவா?' என்று அவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.