நார்மன் ராக்வெல் போட்டோவை டிரேஸ் எடுத்தவர்தானே, அவரை ஏன் பெரிய ஓவியர் என்கிறார்கள்?

அமெரிக்கப் பத்திரிகை அட்டைப்படங்களால் பேர் வாங்கிய ஓவியர் ராக்வெல். அவருடைய போட்டோவையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போட்டோ உண்மை. பால்ஆப்டிகான் என்ற புரொஜெக்டரில் அதைப் பெரிதாக்கிக் கோடு எடுத்ததும் உண்மை. அவரே வெளிப்படையாகச் சொன்னதுதான். ஆனால் ஒரு அட்டைப்படம் எப்படி உருவானது என்று தெரியாமல் 'டிரேஸ்' என்று முடித்துவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் அவருடைய முதல் அட்டை 1916 மே மாதம். 1930களின் நடுப்பகுதி வரை ஆட்களை எதிரே நிறுத்தித்தான் வரைந்தார். சிறுவர்களை அசையாமல் நிறுத்த மேஜையில் ஐந்து சென்ட் காசுகளை அடுக்கி வைப்பார். 25 நிமிடம் நின்றால் ஐந்து காசு பையனின் பக்கம் நகரும். கோழியைக் கையில் எடுத்துச் சற்று ஆட்டிக் கீழே விட்டால் நாலைந்து நிமிடம் அப்படியே நிற்கும். அதற்குள் வரைய வேண்டும். ஓடுகிற கால், எகிறிக் குதிக்கிற உடம்பு, மேலிருந்து பார்க்கும் கோணம் இதெல்லாம் அந்த முறையில் கஷ்டம். போட்டோவுக்குப் போனது அதனால்தான்.

போட்டோ எடுத்த பிறகும் வேலை நீளம். முதலில் சின்ன ஸ்கெட்ச் போட்டு யோசனையை முடிவு செய்வார். பிறகு மாடல்களுக்கு முகபாவத்தைத் தானே நடித்துக் காட்டுவார். ஷட்டரை அழுத்துவது வேறொருவர். ஒரு படத்துக்கு ஏராளமான போட்டோ. ஒன்றிலிருந்து தலை, இன்னொன்றிலிருந்து கை, மற்றொன்றிலிருந்து நாற்காலி என்று சேர்த்து, கரியால் முழு அளவு வரைபடம். அதைச் சிறிதாகப் போட்டோ எடுத்து, அதன் மேல் வண்ணம் தீட்டிப் பார்ப்பார். கடைசியில்தான் கோடுகளை கேன்வாஸுக்கு மாற்றி ஆயில் பெயின்ட். போட்டோக்கள் கறுப்பு வெள்ளை என்பதைக் கவனியுங்கள். அந்த வண்ணங்களை எதிலிருந்து டிரேஸ் எடுப்பது?

நீங்கள் செய்து பார்க்க நினைத்தால் ஒரே போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கேமராவை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருக்கும், காது சிறுக்கும். பத்தடியாவது தள்ளி நின்று எடுங்கள். புரொஜெக்டர் திரைக்கு நேராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் அகலும், ஆள் சாய்ந்துவிடுவார். நிழலுக்குள் இருக்கும் மடிப்புகள் கறுப்பாக அடைபடும், அங்கே துணி எப்படி விழும் என்று தெரியாதவர் வரைந்தால் பள்ளம்தான் தெரியும். இன்னொன்று, அளவு. அப்பாவும் மகனும் உட்கார்ந்திருக்கும் அவருடைய 'பிரேக்கிங் ஹோம் டைஸ்' (1954) ஓவியம் சுமார் 44 அங்குலம். பத்திரிகையில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்பாவின் தளர்ந்த கையும் மகனின் நிமிர்ந்த உட்காரலும் அந்தச் சுருக்கத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. எதை விடுவது என்று தெரிந்த கை அது.

'அதே பத்திரிகையின் இன்னொரு ஓவியர் ஜே.சி. லெயண்டெக்கர் போட்டோ இல்லாமலே 300க்கு மேல் போஸ்ட் அட்டை போட்டாரே' என்று யாராவது வருவார்கள். போட்டார், அபாரமாகப் போட்டார். அவருடைய படங்களின் அழகு பகட்டான பாவனையில். ராக்வெல் தேடியது பக்கத்து வீட்டு முகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். யார் டிரேஸ் எடுத்தார் என்று துருவுகிற கூட்டம், மூலப்படம் யார் கைக்குப் போனது என்று கேட்பதே இல்லை. 'சேயிங் கிரேஸ்' (1951) ராக்வெல் போஸ்ட்டின் ஆர்ட் எடிட்டருக்குக் கொடுத்த படம். 2013ல் ஏலத்தில் சுமார் 46 மில்லியன் டாலருக்குப் போனது. அவருடைய காலத்துப் பத்திரிகை ஓவியர்கள் பலருடைய மூலங்கள் அலுவலகங்களிலேயே தங்கித் தொலைந்தன. 1978ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியில் இருந்து ஒருவர் பத்திரிகைக்கு வரைந்து தரும் படம், இருவரும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் 'வேலைக்காக உருவாக்கியது' (work made for hire) என்று அதன் பதிப்புரிமை பதிப்பாளருக்குச் சொந்தமாகும். அங்கே படம் அனுப்புகிறவர்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். மூலப்படம் திரும்பி வருமா என்பது தனி விஷயம், அதையும் தனியாக எழுதி வாங்குங்கள்.