லீக்ஸ் பாத்தியைத் தோண்டச் சொன்னது கோழி எரு, கருப்பனைத் திட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் அரை ஏக்கர் எடுத்து லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். காட்டுப்பன்றித் தொல்லைக்காக ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். பெயர் கருப்பன், 2 வயது, 15 கிலோ இருப்பான். புதிதாக நட்ட லீக்ஸ் பாத்தியை இந்த மாதத்தில் மூன்று தடவை தோண்டிப் போட்டுவிட்டான். மிளகாய்த்தூள் தூவினேன், பினாயில் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலியில் கட்டினால் விடிய விடியக் குரைப்பு, பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். உடம்பெல்லாம் உண்ணி வேறு. மருந்துக் கடையில் லேபல் இல்லாத ஒரு போத்தல் தந்தார்கள், மாட்டுக்கு அடிப்பதாம், நாய்க்கும் அடிக்கலாமாம். அடிக்கலாமா? செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சின்னச் சின்ன வழிகள் இருந்தால் சொல்லுங்கள். பாத்தியின் படம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மூன்று நாளாகச் சோறும் சரியாகத் தின்னாமல் சுருண்டு படுத்திருக்கிறான், சோறு, லீக்ஸ் தழை எல்லாம் வழக்கம்போல அவித்துத்தான் வைக்கிறோம், உண்ணியால்தானோ தெரியவில்லை.

பதில்: தம்பி, கடிதத்தின் வாலில் எழுதியிருப்பதுதான் தலையில் இருந்திருக்க வேண்டும். இதை வாசித்ததும் எழுந்துபோய் கருப்பனின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கறுப்பு நாய்களுக்கு ஈறும் சிலவேளை கறுப்பாக இருக்கும், அப்படியென்றால் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள். ஈறோ இமையோ தேங்காய்ப்பூ மாதிரி வெளுத்திருந்தாலோ, சிறுநீர் பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் போனாலோ, பாத்தி, குரைப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து கால்நடை வைத்தியரிடம் போங்கள். ஈறு நல்ல இளஞ்சிவப்பாகவே இருந்தாலும் மூன்றாவது நாளும் சோறு வேண்டாம் என்கிற நாயை எப்படியும் காட்டத்தான் வேண்டும்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், நம் நாட்டில் நாய்களுக்கு இது சாதாரணமாக வருகிறது. இரண்டாவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. லீக்ஸ், வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம், நாயின் இரத்தத்துக்கு அவ்வளவும் விஷம். அவித்தாலும் போகாது. பச்சை வெங்காயமாக இருந்தால், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் போனாலே இரத்தம் உடையத் தொடங்கும். கருப்பனின் எடைக்கு அது கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவிலேயே தொடங்கிவிடும். ஒரே நாளில் அவ்வளவு தின்னாவிட்டாலும், தினமும் ஒரு பிடி என்று வாரக்கணக்கில் போனால் அதே கதைதான். சந்தைக்கு லீக்ஸ் சீவும்போது ஒரு கூடை பச்சைத் தழை மிஞ்சும், வீணாக்குவானேன் என்று நாய்ச்சோற்றில் போடுவார்கள். நம் பக்கத்தில் பல வீட்டில் நடப்பதுதான், உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. இன்றோடு நிறுத்துங்கள். வைத்தியரிடம் உண்ணியைச் சொல்கிற அதே மூச்சில் லீக்ஸையும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, பாத்திக்கு வருவோம். இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் காட்ட நினைத்தது சாய்ந்து கிடக்கும் நாற்றை. நான் பார்த்தது குழியின் ஓரத்து மண்கட்டியில் ஒட்டியிருக்கும் வெள்ளை இறகை. அந்த ஒரு இறகு போதும், நீங்கள் என்ன எரு போட்டீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், எத்தனை நாள் ஆறவிட்டீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. குருநாகல், குளியாப்பிட்டிப் பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து லொறியில் ஏறி, மூட்டையோடு வந்து, பிரித்த கையோடு சாலுக்குள் போன பச்சை எரு. அதில் எச்சமும் உமியும் மட்டுமா இருக்கிறது? கொட்டிய தீவனம், இறகு, உடைந்த முட்டை, சிலவேளை செத்த குஞ்சு. இதையெல்லாம் அரை அடி ஆழத்தில் வரிசையாகப் புதைத்துவிட்டு, மேலே லீக்ஸ் நட்டு, நாயைப் பார்த்து தோண்டாதே என்றால் அது என்ன செய்யும்? வரிசை தவறாமல் தோண்டியிருக்கிறான் பாருங்கள். மிளகாய்த்தூள் நம் மழைக்கு ஒரு இரவு தாங்காது, தாங்கினால் நாய்க்குக் கண்தான் எரியும். பினாயில் காலில் பட்டு, அதை நக்கி வயிற்றுக்குள் போகும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நானும் இதில் பட்டவன்தான். ஒரு வருடம் கோவா (முட்டைக்கோஸ்) நடுகைக்கு நேரம் போதாமல், வந்த மூட்டையை அப்படியே குழிக்குள் தட்டினேன். நாற்றில் பாதி வேர் வெந்து போனது. மீதியை அக்கம்பக்கத்து நாய்கள் மூன்று, நான்கு சேர்ந்து இரண்டு இரவில் பிரட்டிப் போட்டன. நாய்களைத்தான் திட்டினேன், கல்லெடுத்தும் எறிந்தேன். பிறகு குழிக்குள் கையை விட்டபோது ஒரு கோழிக்கால் வந்தது, நகத்தோடு. அன்றிலிருந்து பச்சை எரு என் தோட்டத்துக்குள் வருவதில்லை.

விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஆறு மாதம் ஆறின எரு" என்பார்கள். மூட்டையின் வாயை அவிழ்த்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள், கண் எரிந்தால் அது ஆறவில்லை. எரிய வைப்பது அமோனியா, அதாவது நீங்கள் காசு கொடுத்த தழைச்சத்து உங்கள் கண் முன்னாலேயே காற்றில் போகிறது. கிலோ கணக்கில் விற்றால் கட்டாயம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், நடுவில் ஈரம் சொட்டும். பாதி விலை தண்ணீருக்குக் கொடுக்கிறோம். எல்லா வியாபாரியும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் மூட்டையை அவிழ்க்க விடாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

வாங்கியதை மக்கவைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு மூட்டை கோழி எருவுக்கு இரண்டு மூன்று மூட்டை காய்ந்த சருகு சேருங்கள். மானாப்புல் வெட்டிப் போடலாம், தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிப் போடும் கிளைகளான மிலாறில் விறகுக்கு உதவாத மெல்லிய குச்சிகளும் நல்லது. கோழி எருவில் தழைச்சத்து அதிகம், கரிச்சத்து குறைவு, சருகு சேர்த்தால்தான் சூடு பிடிக்கும், நாற்றமும் அடங்கும். குவியல் நாலடி உயரம், நாலடி அகலத்துக்குக் குறையக்கூடாது. கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்துக் குளிரில் சின்னக் குவியல் சூடாகவே ஆகாது, ஊறிப்போய்க் கிடக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு சொட்டு வரவேண்டும், அதற்கு மேல் ஈரம் வேண்டாம். மழை இறங்காமல் பொலித்தீன் போட்டு மூடி, சுற்றிப் பழைய தகரம் அடையுங்கள். இல்லாவிட்டால் கருப்பன் பாத்தியை விட்டுக் குவியலுக்கு வந்துவிடுவான்.

நாலாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமி பெரும்பாலும் செத்துவிடும். கம்பி வெதுவெதுப்பாக வரத் தொடங்கினால் முள்ளால் பிரட்டி, வெளியே கிடந்ததை உள்ளே தள்ளுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை பிரட்டினால் உங்கள் குளிருக்கு மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை விழுந்த மண் மாதிரி வாசம் வரும். அதைப் பாத்தியில் போட்டுவிட்டு நாயை அவிழ்த்து விடுங்கள், மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எலும்புத்தூள், மீன் கழிவை அப்படியே போட்டாலும் நாய் இதேபோலத்தான் தோண்டும்.

இப்போது நட்டிருப்பதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய கோழிவலை இருந்தால் வரிசைகளுக்கு இடையில் படுக்கையாக விரித்து, முளையடித்து இறுக்குங்கள். நகம் மாட்டும் இடத்தில் நாய் தோண்டாது. வலை இல்லையென்றால் மிலாறைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிப் பரப்பினாலும் சரி. ஒரு மாதத்தில் அந்த வாடை போய்விடும்.

பாத்தியில் நத்தைக்கு ஏதாவது போட்டிருக்கிறீர்களா? அதை எழுதவில்லை. மெட்டல்டிஹைட் குருணை என்றால், அது தவிடு மாதிரி வாசம் உள்ளது, நாய் ஆசையாகத் தின்னும். தின்ற கொஞ்ச நேரத்தில் நடுக்கம், பிறகு வலிப்பு. தேங்காய்ப்பால், உப்புத்தண்ணி எல்லாம் ஊற்றி நேரத்தைக் கழிக்காமல் குருணைப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான். நாய் நடமாடும் தோட்டத்தில் அது வேண்டாம். மாலையில் ஈரச்சாக்கு விரித்து, காலையில் தூக்கிப் பார்த்தால் நத்தை அவ்வளவும் அடியில் இருக்கும், வழித்து உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

உண்ணிக்கு அந்தப் போத்தலை அடிக்காதீர்கள். லேபல் இல்லாத போத்தலில் என்ன இருக்கிறது, எத்தனை மடங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்று கடைக்காரருக்கே தெரியாது. மாடு நக்குவதைவிட நாய் தன் உடம்பைப் பல மடங்கு நக்கும், அடித்தது அவ்வளவும் வயிற்றுக்குள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் ஆபத்து, மாட்டுக்கு உள்ள சில மருந்து பூனைக்கு எமன். பழைய எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டாம். வைத்தியரிடம் எப்படியும் போகிறீர்களே, அங்கேயே நாயின் எடையைச் சொல்லி உண்ணிக்கு மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ கேளுங்கள், விசர்நாய்த் தடுப்பூசி கார்ட்டையும் கொண்டுபோங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது தினமும் மாலையில் ஐந்து நிமிடம் தடவிப் பார்ப்பது. காதுக்குள், கழுத்துப் பட்டிக்கு அடியில், வாலுக்குக் கீழே, கால்விரல் இடுக்கில். புருவம் பிடுங்கும் கொறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் டின்னில் போடுங்கள். ஆனால் நாயில் இருப்பதைவிடக் கூடுதல் உண்ணி அது படுக்கும் இடத்தில்தான். ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். படுக்கும் சாக்கை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள், இஸ்தோப்பு (திண்ணை)ச் சுவர் வெடிப்பில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சீமெந்து வைத்து அடையுங்கள்.

குரைப்புக்கு வருகிறேன். ஆறடிச் சங்கிலியில், குளிரில், காற்று நேரே அடிக்கும் இடத்தில் கட்டினால் நானும்தான் ஊளையிடுவேன். அதோடு காட்டோரத்தில் கட்டிவைத்த நாய் பன்றிக்குக் காவல் இல்லை, சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு, ஓடித் தப்பக்கூட முடியாது. பன்றிக்குக் கண்ணி வைத்துவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 2020இல் நல்லதண்ணிப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை செத்தது அப்படி ஒரு கண்ணியில்தான், நாளைக்குக் கருப்பனும் மாட்டலாம்.

வீட்டை ஒட்டி இரண்டு கம்பத்துக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு கட்டுக்கம்பியை இறுக்கிக் கட்டி, ஒரு வளையம் கோத்து, சங்கிலியை அந்த வளையத்தில் மாட்டுங்கள். முப்பது அடிக்கு நடக்க இடம் கிடைத்தாலே பாதிக் குரைப்பு நின்றுவிடும். கம்பத்தைச் சுற்றி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளிக் கம்பியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். படுக்கையைப் பலகை வைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மூன்று பக்கம் அடைத்து, வாசலை ரோட்டுப் பக்கம் வைக்காமல் தோட்டத்துப் பக்கம் திருப்புங்கள். ரோட்டில் போகிறவரைப் பார்த்துக் குரைக்க வேண்டியதில்லை, பன்றி வந்தால் மட்டும் தெரியும். பெரிய சாப்பாட்டை இரவில் கொடுங்கள்.

சண்டைக்கு வருகிற பக்கத்து லயத்து ஆள் யாரோ, அவர் கையால் நாலு நாள் தொடர்ந்து கருப்பனுக்கு ஒரு ரொட்டித் துண்டு போடச் சொல்லிப் பாருங்கள், ரொட்டியை நீங்கள்தான் கொடுத்தனுப்ப வேண்டும். வெங்காயம் போடாத ரொட்டி.